சாவுக்கும் சௌவினுக்கும் என்ன சம்பந்தம்?

போன அக்டோபர் கடைசியில் எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரு தகராறு. ஆரம்பித்து வைத்தது நான்தான். டப்ளின் அலுவலகத்தில் வரவேற்பறை முழுக்கப் பூசணிக்காய் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்துப் போட்டு, "ஹாலோவீனுக்கு இங்க பழைய பேர் வேற. எழுத்துக்கூட்டி வாசிச்சா சம்ஹைன் மாதிரி இருக்கும், ஆனா சொல்றது சௌவின்" என்று எழுதினேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன், "சௌவினா, சாவினா? சாவின் திருநாள்! மச்சான், இது தமிழ்டா" என்றான். சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன. எனக்கும் சிரிப்புத்தான்.

ராத்திரி பத்து மணிக்கு அது சிரிப்பாக இல்லை. இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு வீடியோவை எடுத்து வந்துவிட்டான். சௌவின் மூவாயிரம் ஆண்டு பழமையான கெல்டிக் திருவிழா, அது கெல்ட்டுகளின் புத்தாண்டு, இறந்தவர்கள் திரும்பி வரும் நாள், கத்தோலிக்கத் திருச்சபை அதைத் திருடி 'அனைத்துப் புனிதர் நாள்' என்று பெயர் மாற்றிவிட்டது. பின்னணியில் புல்லாங்குழல், பனிமூட்டம், வெள்ளைத் தாடிக் கிழவர். "பாத்தியா, எல்லா இடத்துலயும் இதே கதைதான், நம்ம முன்னோர் வழிபாட்டையும் இப்படித்தான் திருடினாங்க" என்று முடிவுரை வேறு.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஏழு வருஷம் முன்பு, அயர்லாந்து வந்த புதிதில், இதே 'மூவாயிரம்' கதையை நானும் என் வலைப்பதிவில் எழுதியிருக்கிறேன். புல்லாங்குழல் மட்டும்தான் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் வரும் கோபத்தில் பாதி என் மேலேயே எனக்கு உள்ளது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஐரிஷ் மொழியில் சௌவின் என்பது இன்றைக்கும் நவம்பர் மாதத்தின் பெயர். காலண்டரில் அச்சடித்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டில் தேதி எழுதும்போது எழுதுவான். ஒளிந்திருந்த ரகசியச் சொல் எதுவும் இல்லை. 'சாம்' என்றால் கோடை. கோடையின் முடிவு என்று இடைக்காலத் துறவிகளே பொருள் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்காமல், கூடுகை என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும் மொழியியலாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சாவு அதில் இல்லை.

அப்புறம் எங்கிருந்து வந்தது சாவு? நம் நண்பன் விளையாட்டாகச் செய்ததை 250 வருஷம் முன்பே ஒருவர் மிகத் தீவிரமாகச் செய்திருக்கிறார். பெயர் சார்லஸ் வேலன்சி. பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர், அயர்லாந்தை அளந்து வரைபடம் போட வந்தவர். ஐரிஷ் மொழியின் மேல் அவருக்கு உண்மையான காதல் இருந்தது, அறிவுதான் போதவில்லை. ஐரிஷ் சொல் எதைப் பார்த்தாலும் அதே ஓசையுள்ள ஒரு சொல்லை பினீசிய மொழியிலோ, பாரசீகத்திலோ, வேறு ஏதாவது கீழைத்தேய மொழியிலோ தேடிப் பிடித்துவிடுவார். 1770இல் தொடங்கி அவர் வெளியிட்ட தொகுதிகளில், பாவம் இந்த நவம்பர் மாதம், இறந்தவர்களின் ஆன்மாக்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஒரு தெய்வமாக மாறிவிட்டது. அப்படி ஒரு தெய்வம் எந்தப் பழைய ஐரிஷ் நூலிலும் கிடையாது. ஆனாலும் அந்தத் தெய்வம் சாகவில்லை. பிறகு வந்த புத்தகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்து, கடைசியில் அமெரிக்க சுவிசேஷப் பிரசாரத் துண்டறிக்கைகளில், 'ஹாலோவீன் கொண்டாடாதே, அது சாவுக் கடவுள் சம்ஹைனின் பண்டிகை' என்று வந்து நின்றது. பண்டிகையைக் கொண்டாடச் சொல்கிறவரும் தடுக்கிறவரும் ஒரே கற்பனையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

நானும் பொறியாளன்தான். இரண்டு ஸ்ட்ரிங் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிற வியாதி எங்கள் ஜாதிக்கே உண்டு போல.

சரி, புத்தாண்டு? அதற்கும் ஓர் ஆள் இருக்கிறார். சர் ஜான் ரீஸ், ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கெல்டிக் பேராசிரியர். வேலன்சி மாதிரி இல்லை, உண்மையான அறிஞர். 1886இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், கெல்ட்டுகளின் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில்தான் பிறந்தது என்று சொன்னார். பின்னால் ஐல் ஆஃப் மான் தீவின் நாட்டார் வழக்கங்களையும் அதற்குச் சான்றாகச் சேர்த்தார். அவரை வைத்து ஜேம்ஸ் ஃப்ரேஸர் தன் 'பொற்கிளை'யில் இறந்தோர் விழாவையும் சேர்த்துக் கட்டினார். ஒரு பேராசிரியரின் கருதுகோள் இன்னொருவர் புத்தகத்தில் உண்மையாகி, கலைக்களஞ்சியத்தில் பொது அறிவாகி, வீடியோவில் வேதமாகிவிட்டது. ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வந்த தன் நூலில் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிக் காட்டியிருக்கிறார். அவர் நவபேகன்களின் எதிரி இல்லை, அவர்களிடம் பரிவு உள்ளவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய சான்று ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், உண்டு. 1897இல் பிரான்சின் கொலினி என்ற ஊரில் ஒரு வெண்கல நாட்காட்டி துண்டு துண்டாகக் கிடைத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கௌலிஷ் மொழி. அதில் சமோனியோஸ் என்று ஒரு மாதம், அந்த மாதத்தில் 'மூன்று இரவுகள்' என்று ஒரு குறிப்பு. பெயர் ஒத்துப்போகிறது, உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த மாதம் கோடையில் வருகிறதா, குளிர்காலத்தில் வருகிறதா என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. தாரா குன்றில் 'பணயக்கைதிகளின் மேடு' என்றொரு கல்லறை இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அதன் உள்ளே உதயச் சூரியன் விழும். ஏறக்குறைய ஐயாயிரம் வருஷப் பழசு. யாரோ அந்தக் காலைப் பொழுதைக் கவனித்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பேசிய மொழி என்ன, அந்த நாளுக்கு வைத்த பெயர் என்ன என்பதை அந்தக் கல் சொல்லாது. அதை 'கெல்டிக்' என்று கூப்பிடுவது, நம் ஊர் ஈமத்தாழியைத் தோண்டி எடுத்து அதற்கு ஜாதிச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி.

திருட்டுக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதுதான் எல்லோருக்கும் பிடித்த பகுதி, இதுதான் ரொம்ப பலவீனமான பகுதியும். சௌவின் அயர்லாந்தின் பண்டிகை. அதைத் திருடவே நவம்பர் 1 தேர்ந்தெடுக்கப்பட்டது என்றால், அனைத்துப் புனிதர் நாளை அந்தத் தேதியில் முதலில் கொண்டாடியது ஐரிஷ் திருச்சபையாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த ஐரிஷ் புனிதர் பட்டியல்கள் அந்த நாளை ஏப்ரல் 20இல் வைக்கின்றன. அதே காலத்தில் நவம்பர் 1ஐக் கொண்டாடிக்கொண்டிருந்தது இங்கிலாந்தும் ஜெர்மானிய நாடுகளும். 835இல் பிராங்கிய அரசன் லூயி தன் ராஜ்ஜியம் முழுக்க அந்தத் தேதியைப் பரப்பினான். அதாவது தேதி வெளியிலிருந்து அயர்லாந்துக்கு வந்தது. இறந்தோர் நாளான நவம்பர் 2, சுமார் 998இல் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ ஏற்படுத்தியது. அடுப்பில் கனல் விட்டு, கதவைத் தாழிடாமல், செத்துப்போன தாத்தாவுக்கு நாற்காலி போட்டு வைக்கும் அயர்லாந்து வழக்கம் பெரும்பாலும் இந்த இரண்டாம் தேதி ராத்திரியைச் சேர்ந்தது. எதை 'ஆதி பேகன்' என்று வீடியோ கண்கலங்குகிறதோ, அது கத்தோலிக்கப் பாட்டிகள் ஜெபமாலையோடு சேர்த்துச் செய்தது. அந்தப் பாட்டிகளிடமிருந்து அவர்களுடைய மதத்தைப் பிடுங்கி, அவர்களுக்கே தெரியாத இன்னொரு மதத்தை அவர்கள் தலையில் கட்டுகிறோமே, அதற்கு என்ன பெயர்? திருட்டு என்று யார் யாரைச் சொல்வது?

வீடியோக்கள் காட்டும் எட்டுத் திருவிழாச் சக்கரம் இன்னும் புதுசு. 1950களில் ஜெரால்டு கார்ட்னரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கிலாந்தில் உருவாக்கியது. இலையுதிர்காலச் சமஇரவுக்கு 'மேபன்' என்று பெயர் வைத்தது எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், 1970களில். எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. மனிதர்கள் பண்டிகைகளை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். புதுசு என்று சொல்லிவிட்டுக் கொண்டாடுங்களேன், யார் வேண்டாம் என்றது? வயசைக் கூட்டிச் சொன்னால்தான் மரியாதை கிடைக்கும் என்கிற பதற்றம்தான் எரிச்சலூட்டுகிறது. இந்தப் பதற்றத்தை நான் ஊரிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். மிச்சம்தான் அற்புதம், அதைப் பேசத்தான் யாருக்கும் நேரமில்லை.

எமரைக் கு குலன் பெண் கேட்டுப் போகும் பழைய கதையில், அவள் ஒரு நிபந்தனை போடுகிறாள். சௌவினில் தொடங்கி, இம்போல்க், பெல்டனே, அறுவடை என்று சுற்றி மறுபடி சௌவின் வரும்வரை ஒரு வருஷம் தூங்காமல் இருப்பவன்தான் தன்னை அடைய முடியும் என்கிறாள். ஆண்டு இரண்டு பாதி, பெல்டனேயிலிருந்து சௌவின் வரை கோடை, அதற்கப்புறம் குளிர் என்று அந்தக் கதையே விளக்கமும் சொல்லிவிடுகிறது. இன்னொரு கதையில் அல்ஸ்டர் வீரர்கள் சௌவினுக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள், நடுவில் அந்த ஒரு நாள் என்று ஏழு நாள் குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். தாங்கள் கொன்ற எதிரிகளின் நாக்கு நுனிகளைப் பையில் கொண்டுவந்து எண்ணிக் காட்டவேண்டும். சில பேர் கணக்கைக் கூட்டுவதற்கு மாட்டு நாக்கைக் கலந்துவிடுவார்களாம். இதை எழுதி வைத்த துறவி எவ்வளவு ரசித்திருப்பார்! பேகன் மர்மம், புனித மௌனம் எல்லாம் இதில் எங்கே இருக்கிறது? அப்ரைசல் மீட்டிங்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நேராவின் கதை. ராக்ரோகன் என்ற இடத்தில், ராஸ்காமன் மாவட்டத்தில், அய்லில் மன்னனும் மேவ் ராணியும் சௌவின் ராத்திரியில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின நாள் தூக்கில் போட்ட ஒருவனின் உடல் வெளியே தொங்குகிறது. அவன் காலில் ஒரு மிலாற்று வளையத்தை மாட்டிவிட்டு வருகிறவனுக்குப் பரிசு என்கிறான் மன்னன். பலர் போய்ப் பயந்து திரும்புகிறார்கள். நேரா போகிறான். மாட்டியும் விடுகிறான். அப்போது பிணம் பேசுகிறது: எனக்குத் தாகமாக இருக்கிறது, என்னை முதுகில் சுமந்துகொண்டு போ. முதல் வீட்டைச் சுற்றித் தீ. இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர். மூன்றாவது வீட்டில் கழுவிய தண்ணீரும் அழுக்கு வாளியும் அப்படியே கிடக்கின்றன. பிணம் குடித்துவிட்டு, கடைசி மடக்கை வீட்டாரின் முகத்தில் துப்ப, அவர்கள் இறந்துபோகிறார்கள். பிணத்தைத் திரும்பத் தொங்கவிட்டு வரும் நேரா, அரண்மனை எரிந்து கிடப்பதைப் பார்க்கிறான். எரித்த படையின் பின்னாலேயே ஒரு குகைக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே ஒரு பெண், ஒரு வீடு, ஒரு வாழ்க்கை. அந்தப் பெண்தான் சொல்கிறாள்: நீ பார்த்தது இன்னும் நடக்கவில்லை, உன் ஆட்களை எச்சரிக்காவிட்டால் நடக்கும். நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்கிறான் நேரா. கோடையின் பூக்களைக் கொண்டு போ என்கிறாள். காட்டுப் பூண்டும் ப்ரிம்ரோஸும் பொன்னிறப் பெரணியும் எடுத்துக்கொண்டு அவன் வெளியே வருகிறான். அடுப்பின் மேல் பானை அப்படியே இருக்கிறது. யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தக் குகை இன்றும் இருக்கிறது. ஓவினகாட், பூனைகளின் குகை. சேற்றில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் இறங்க வேண்டும். வாசலின் மேல்கல்லில் ஓகம் எழுத்தில் மேவின் மகன் ஃப்ராவ்க் என்று ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. இறங்கிய அன்று என் ஜீன்ஸ் நாசமாகிவிட்டது. மிகை எண்ணம் எதுவும் வரவில்லை, குளிர்தான் எடுத்தது. ஆனால் வெளியே வந்து புல்லைப் பார்த்தபோது அந்தப் பூக்கள் நினைவுக்கு வந்தன. நவம்பரில் கையில் கோடைப் பூ என்பது மதக் கொள்கை அல்ல, கதை. கிறிஸ்தவத் துறவிகள் எழுதி வைத்த கதை. அதற்குள் எவ்வளவு பழசு இருக்கிறது என்று யாராலும் பிரித்து எடுக்க முடியாது. பிரிக்காமல் அனுபவிக்க நமக்கு ஏன் முடியவில்லை?

கோடை முடிவது என்றால் நடைமுறையில் என்ன? மே மாதம் மலைமேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிப்போன மாடுகளைக் கீழே கொண்டுவருவது. மாட்டோடு போய்க் குடிசையில் தங்கி, பால் கறந்து வெண்ணெய் கடைந்த இளம்பெண்கள் ஊர் திரும்புவது. குளிர்காலத்துக்குத் தீவனம் போதாத மாடுகளைக் கழிப்பது. சௌவினுக்கு அப்புறம் கருப்பஞ்சிறு முட்பழங்களைப் பறிக்கக்கூடாது, பூக்கா என்கிற பிசாசு அதன்மேல் துப்பிவிடும், சிலர் சொல்படி மூத்திரம் போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டுவது. ப்ளாக்பெர்ரி அந்தச் சமயத்தில் எப்படியும் அழுகித்தான் இருக்கும்.

பின்னர் அதே நாளில் ஜமீன்தார் வந்து உட்கார்ந்துகொண்டார். அயர்லாந்துக் குத்தகைதாரர் வாடகை கட்ட வேண்டிய இரண்டு நாட்கள் பொதுவாக மே 1, நவம்பர் 1. அல்ஸ்டரில் கூலிச் சந்தைகள் கூடியதும் மே, நவம்பர் மாதங்களில்தான். டொனகாலின் ஏழைப் பிள்ளைகள் கையில் துணி மூட்டையோடு ஸ்ட்ராபேன், லெட்டர்கென்னி சந்தைத் தெருக்களில் நிற்பார்கள். பெரிய பண்ணைக்காரர்கள் வந்து கை காலைப் பார்த்து, ஆறு மாதத்துக்குப் பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். பேட்ரிக் மகில் பன்னிரண்டு வயதில் ஸ்ட்ராபேனில் அப்படி நின்றவர். 1914இல் வந்த அவருடைய நாவலில் அந்த வாழ்க்கை இருக்கிறது.

வீடு வீடாகப் போவதும் இந்த வறுமையோடு ஒட்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்க் கடலோரத்தில் இளைஞர்கள் மாட்டுக்கொம்பு ஊதிக்கொண்டு, 'வெள்ளைக் குதிரை' வேஷம் கட்டியவனை முன்னால் விட்டு, பண்ணை பண்ணையாகப் போய் நின்றிருக்கிறார்கள். வெண்ணெய், முட்டை, காசு கொடுத்தால் 'மக் ஒல்லா'வின் அருள் உண்டு, இல்லாவிட்டால் பார்த்துக்கொள் என்று பாட்டு. பக்தி கொஞ்சம் இருந்திருக்கலாம். வருஷத்தில் ஒரு நாள் பணக்காரன் வாசலில் தலைநிமிர்ந்து கேட்கலாம் என்பது நிச்சயம் இருந்தது.

1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் ஆணையம் சுமார் ஐம்பதாயிரம் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னது. சுமார் 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் ட்ரூயிடுகளைத் தேடாதீர்கள். கயிற்றில் தொங்கும் ஆப்பிள், அடுப்பில் ஜோடியாக வைத்துச் சுட்ட கொட்டைகள் வெடித்து விலகினால் காதல் நிலைக்காது, பார்ம்ப்ராக் ரொட்டித் துண்டில் மோதிரம் வந்தால் கல்யாணம், கந்தல் வந்தால் வறுமை. பிள்ளைக் கையெழுத்தில், பிழைகளோடு. மேயோவில் உள்ள கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில், 1943இல் டொனகாலின் ஃபின்டவுனிலிருந்து வந்த ஒரு டர்னிப் விளக்கின் அச்சு இருக்கிறது. பூசணி அமெரிக்கா போன பிறகு வந்தது, இங்கே டர்னிப்தான். குழி விழுந்த கண்ணும் உடைந்த பல்லுமாக, எந்தப் பூசணியாலும் தொட முடியாத பயங்கரம். இப்படி விளக்குச் செய்யும் வழக்கம் மறைந்துகொண்டிருக்கிறதே என்று ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுவந்து கொடுத்தது அது.

என் கோபம் இங்கேதான் வந்து நிற்கிறது. பெயர் தெரியாத ட்ரூயிடுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் உள்ள பிள்ளைகளின் நோட்டு திறக்கப்படாமல் கிடக்கிறது. மூவாயிரம் என்ற எண்ணுக்கு முன்னால் எண்பது வருஷத்துக்கு மதிப்பில்லை.

டொனகாலைச் சேர்ந்த ஒரு சக ஊழியை, என்னைவிட இருபது வயது மூத்தவர், மதியச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா பதினோரு வயதில் சந்தைக்குப் போனவராம். "நவம்பர்னா அவருக்குப் பேயெல்லாம் கிடையாது. ஆறு மாசம் முடிஞ்சு வீட்டுக்கு நடந்து வர்ற நாள். சம்பளத்தை அப்படியே அம்மா கையில கொடுத்துட்டு, மேஜையில பெரிய உருளைக்கிழங்கு யாருக்குன்னு தம்பிகளோட சண்டை போட்டதைத்தான் கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தாராம்" என்றார்.

அதை அப்படியே வாட்ஸப் குழுவில் எழுதிப் போட்டேன். சாவின் திருநாள் என்று சொன்னவன்தான் முதலில் பதில் போட்டான்: "எவ்ளோ சம்பளம்டா?"

அவரிடம் கேட்க வேண்டும்.